ஸ்டோக்ஸும் ஜாக்கும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, பழைய ஹாஸ்டல் நினைவுகளை எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். மெஸ் சாம்பார், செமஸ்டருக்கு முந்தின ராத்திரி, வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்ச் எல்லாவற்றையும் போன மலரிலேயே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தார். அதனால் நான் ஒரு பாஸ்கட்பால் ஆட்டக்காரரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, சரி சார், பக்கம் மட்டும் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த ஆட்டக்காரர் நம் கல்லூரிக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரரும் இல்லை. பெயர் மாரிஸ் ஸ்டோக்ஸ். அமெரிக்கக் கறுப்பர். 1970-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது என் அப்பாவே அரை டிரவுசரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது நம் கோர்ட்டில்தான். முதல் வருஷம், ஒரு மழை நாள். கோர்ட்டில் தண்ணீர் தேங்கி நின்றதால் ஆட முடியவில்லை. பி.டி. சார் எங்களை ஷெட்டுக்குள் உட்கார வைத்துப் பழைய ஆட்டக்காரர்களின் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அதில் ஒன்று, தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தும் எழுந்து வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்த ஒரு ராட்சசனின் கதை. முட்டியில் சிராய்ப்பு என்று உட்கார்ந்திருந்த எங்களில் ஒருத்தனைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் ரத்தம் சூடேறியது. கதையின் மீதியை அவர் சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது, நாங்கள் கோர்ட்டுக்கு ஓடிவிட்டோம்.

மீதியை நான் படித்துத் தெரிந்துகொண்டது வேலைக்குப் போய் ரொம்ப நாள் கழித்து.

ஸ்டோக்ஸ் 1933 ஜூன் 17-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் ராங்கின் என்ற ஊரில் பிறந்தார். பக்கத்தில் பிட்ஸ்பர்க். அந்த வட்டாரம் முழுக்கவே இரும்பாலைகள்தான். எட்டு வயதில் குடும்பம் பிட்ஸ்பர்க்குக்குள்ளேயே குடிவந்தது. வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் முதல் இரண்டு வருஷம் ஆரம்ப ஐவரில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கும் ஜூனியர் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பெரிய கல்லூரிகளை விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி. மலைப் பகுதியில் லொரெட்டோ என்ற சிற்றூர், பிரான்சிஸ்கன் பாதிரிமார் நடத்திய சின்னக் கல்லூரி. அந்தப் பெயரை நாட்டுக்கே தெரியவைத்தவர் ஸ்டோக்ஸ். 1955-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த என்.ஐ.டி. போட்டிக்கு அந்த அணியை அவர் கொண்டுபோனார். கல்லூரி அணிகளுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய மேடை. அணிக்குக் கிடைத்தது நான்காம் இடம். ஆனாலும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பரிசை ஸ்டோக்ஸுக்கே கொடுத்தார்கள். நான்காவதாக வந்த அணியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கோப்பையைக் கொடுப்பதென்றால், மற்ற மூன்று அணிகளும் பார்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஆடியிருக்க வேண்டும்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் செயின்ட் பிரான்சிஸைத் தோற்கடித்தது சின்சினாட்டி பல்கலைக்கழகம். அந்த அணியில் ஜாக் ட்வைமன் என்ற ஒல்லியான வெள்ளைக்காரப் பையன் இருந்தான். அவனும் பிட்ஸ்பர்க்காரன்தான், ஸ்டோக்ஸைவிட ஒரு வயது இளையவன். பள்ளி அணியில் சேரப் போய்த் திரும்பத் திரும்பக் கழித்துக் கட்டப்பட்டவன். இந்த ஜாக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருஷம் என்.பி.ஏ. லீக்கின் ராச்செஸ்டர் ராயல்ஸ் அணி ஸ்டோக்ஸை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ட்வைமனையும் அடுத்த சுற்றில் அதே அணிதான் எடுத்தது. அப்போது என்.பி.ஏ.வில் மொத்தமே எட்டு அணிகள். கறுப்பின ஆட்டக்காரர்கள் லீக்குக்குள் வந்தே ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்டோக்ஸ் தன் முதல் ஆட்டத்தில் 32 பாயிண்ட், 20 ரீபவுண்ட், 8 அசிஸ்ட் எடுத்தார். சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி 16.8 பாயிண்ட், 16.3 ரீபவுண்ட். 1956-ன் சிறந்த புதுமுகம் அவர்தான்.

கூடைப்பந்து பழக்கமில்லாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ரீபவுண்ட் என்பது கூடைக்குள் விழாமல் திரும்பி வரும் பந்தைக் கைப்பற்றுவது. அசிஸ்ட் என்பது இன்னொருவன் பாயிண்ட் எடுக்கிற மாதிரி பாஸ் கொடுப்பது. முதலாவது பெரிய உடம்புக்காரன் வேலை, இரண்டாவது சின்ன உடம்புக்காரன் வேலை என்று அந்தக் காலத்தில் எழுதாத சட்டம் இருந்தது. ஸ்டோக்ஸ் 6 அடி 7 அங்குலம், நூறு கிலோவுக்கு மேல். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ரீபவுண்டையும் எடுத்தார், எடுத்த பந்தைத் தானே தட்டிக்கொண்டு மறுமுனைக்கு ஓடினார், ஓடுகிற ஓட்டத்திலேயே பாஸும் கொடுத்தார். 1956-57 சீசனில் 1,256 ரீபவுண்ட், அது அன்றைய லீக் சாதனை. 1955-லிருந்து 1958 வரையிலான மூன்று சீசன்களைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் அவருடையது, 3,492. அதே மூன்று சீசன்களில் அசிஸ்ட் கணக்கில் பாஸ்டன் செல்ட்டிக்ஸின் பாப் கூஸி ஒருவர்தான் அவருக்கு மேலே. இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள் உச்சியில் நிற்பது இன்றைக்கும் அபூர்வம். மேஜிக் ஜான்சனைப் பார்த்து வாய் பிளந்த அண்ணன்மார் இங்கே நிறையப் பேர் உண்டு. அவர் கல்லூரியை விட்டு லீக்குக்கு வருவதற்கு 20 வருஷத்துக்கு மேல் முன்னாடியே ஒருத்தர் அந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1956 தேர்வில் முதல் வாய்ப்பு ராயல்ஸ் அணிக்குத்தான் வந்தது. பில் ரஸலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ரஸலுக்குக் கொடுக்க வேண்டிய பணம் ஒரு காரணம். ரீபவுண்ட் எடுக்கத்தான் நம்மிடம் ஸ்டோக்ஸ் இருக்கிறாரே என்பது இன்னொரு காரணம். ரஸல் செல்ட்டிக்ஸுக்குப் போய் 11 சாம்பியன்ஷிப் வாங்கினார். ராயல்ஸ் நிர்வாகத்தை இதற்காகப் பலரும் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். அன்றைக்குக் கையில் இருந்த கணக்கின்படி அது தப்பான முடிவு இல்லை.

1957-ல் அணி ராச்செஸ்டரை விட்டுச் சின்சினாட்டிக்கு இடம்பெயர்ந்தது. மறு வருஷம் மார்ச் 12. சீசனின் கடைசி லீக் ஆட்டம், மினியாபொலிஸில் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக. ஸ்டோக்ஸ் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தார். எதிராளியோடு மோதி, நிலைதடுமாறி, தலை தரையில் அடிபட விழுந்தார். நினைவில்லை. மூக்கில் அம்மோனியா உப்பைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்தார். ஆட்டத்துக்குத் திரும்பினார்.

எங்கள் ஷெட்டுக் கதை இந்த இடத்தில்தான் முடிந்தது.

பி.டி. சார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உலகம் முழுக்க அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலையில் அடிபட்டவரை உடனே வெளியே எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்ற முறையான விதிமுறையை என்.பி.ஏ.வே 2011-ல்தான் கொண்டுவந்தது. 1958-ல் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேனும் கிடையாது, முதல் நோயாளியை அதில் படுக்க வைத்ததே 1971-ல். நினைவு திரும்பியதா, நிற்கிறானா, அப்படியானால் சரி. அவ்வளவுதான் அன்றைய பரிசோதனை.

மூன்று நாள் கழித்து, மார்ச் 15, டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியோடு பிளே-ஆஃப் ஆட்டம். ஸ்டோக்ஸ் 12 பாயிண்ட், 15 ரீபவுண்ட் எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் நல்ல ஆட்டம் என்போம். ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் உடம்பு முடியவில்லை என்றார். வாந்தி. விமானம் கிளம்பிய பிறகு வலிப்பு வந்தது. விமானப் பணிப்பெண் ஆக்சிஜன் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். தரையிறங்கியதும் நேரே ஆஸ்பத்திரி. நினைவு தப்பியது. மறுபடி கண் விழித்தபோது, கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை, பேச்சும் இல்லை.

தலையில் பட்ட அடியால் மூளையில் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதி பாதிக்கப்பட்டுவிட்டது என்றார்கள் டாக்டர்கள். அதில் கொடுமை என்னவென்றால், யோசிக்கிற பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு முழுசாகப் புரிந்தது. வயது 24.

ராயல்ஸ் அணி டெட்ராய்ட்டிடம் தோற்று வெளியேறியது. சீசன் முடிந்தது. ஆட்டக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். யாரையும் குறை சொல்ல இல்லை. நாமும் கடைசி செமஸ்டர் முடிந்த அன்றைக்கு அப்படித்தான் போனோம். சின்சினாட்டியிலேயே வீடு வைத்துக் குடியிருந்தவர் ஒருவர்தான். ஜாக் ட்வைமன். அவருக்கு 23 வயது. கல்யாணமாகியிருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பேரும் உயிர் நண்பர்களாக இருந்திருப்பார்கள். நிஜத்தில் அப்படி ஒன்றுமில்லை. ஒரே ஊர், கோடை விடுமுறை ஆட்டங்களில் எதிரெதிரே ஆடிய பழக்கம், பிறகு மூன்று வருஷம் ஒரே அணி. அவ்வளவுதான். நாமும்கூட ஹாஸ்டலில் நாலு ரூம் தள்ளி இருந்தவனோடு அதைவிட நெருக்கமாகப் பழகியிருப்போம்.

ஜாக் பார்க்கப் போனபோது முதலில் கண்ணில் பட்டது பணப் பிரச்சினை. லீக்கில் அப்போது பென்ஷன் கிடையாது. இப்படி ஒரு நீண்ட நோய்க்குத் தாங்குகிற மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆட்டக்காரர்களுக்குப் பென்ஷன் என்ற பேச்சு நிஜமானதே 1964-ல்தான், அதுவும் பாஸ்டனில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இறங்க மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்துகொண்ட பிறகு. ஸ்டோக்ஸிடம் பாங்கில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. ஆனால் அதை எடுக்கக் கையெழுத்துப் போட வேண்டுமே! கையையே அசைக்க முடியாதவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? பெற்றவர்களோ பிட்ஸ்பர்க்கில்.

ஜாக் கோர்ட்டுக்குப் போனார். இந்த முறை நிஜக் கோர்ட்டு. ஸ்டோக்ஸின் சட்டப்படியான காப்பாளராகத் தன்னை நியமிக்கக் கேட்டு வாங்கினார். வருஷம் 1958 என்பதை மறக்க வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி. இன ஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கிய குடியுரிமைச் சட்டம் வர இன்னும் ஆறு வருஷம் இருந்தது. ஒரு கறுப்பருக்கு ஒரு வெள்ளைக்காரர் காப்பாளர் என்பது அந்த ஊரில் அன்றாடம் நடக்கிற சங்கதி இல்லை.

கையெழுத்துப் பிரச்சினை தீர்ந்தது. பில் பிரச்சினை தீரவில்லை. அடிபட்டது வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில். ஆகவே இது தொழிலாளர் நஷ்டஈடு கொடுக்க வேண்டிய விபத்து என்று ஜாக் ஓஹையோ மாநில அரசிடம் வாதாடினார். பந்து விளையாடுகிறவன் தொழிலாளியா என்று கேட்கக்கூடிய காலம் அது. வாதாடி, நஷ்டஈட்டை வாங்கியும் கொடுத்தார். எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த ஆட்டம் இதுதான். நம்மில் யாராவது ஒரு பி.எஃப். க்ளெய்முக்கு அலைந்திருந்தால் இது எப்படிப்பட்ட ஆட்டம் என்று புரியும்.

அதுவும் போதவில்லை. நியூயார்க் மாநிலத்தில், காட்ஸ்கில்ஸ் மலையில், மான்டிசெல்லோ ஊருக்குப் பக்கத்தில் கட்ஷர்ஸ் என்று ஒரு விடுமுறை ஹோட்டல். கோடையில் குடும்பங்கள் வந்து தங்கும் இடம். பாஸ்கட்பால் ஆட்டக்காரர்களுக்கும் அது பழக்கமான இடம். வில்ட் சேம்பர்லினே படிக்கிற காலத்தில் அங்கே பெட்டி தூக்கும் வேலை பார்த்திருக்கிறார். அந்த 1958 கோடையிலேயே அங்கே ஒரு நிதி ஆட்டம் ஏற்பாடானது. லீக்கின் பெரிய தலைகள் வந்து காசு வாங்காமல் ஆடினார்கள். அடுத்த வருஷமும் நடந்தது. அதற்கடுத்த வருஷமும். சேம்பர்லினும் வந்து ஆடுகிற ஆட்டமாக அது வளர்ந்தது. சில வருஷங்களில் ஸ்டோக்ஸே சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

பணத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறேன். பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆரம்ப மாதங்களில் ஸ்டோக்ஸால் முடிந்தது கண் சிமிட்டுவது மட்டும்தான். ஜாக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கில எழுத்துகளை ஏ-யிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவார். வேண்டிய எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் சிமிட்டுவார். அதைக் குறித்துக்கொண்டு மறுபடி ஏ-யிலிருந்து. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, இன்ஜினியர் புத்தி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் வாட்டர், ஐந்தெழுத்து. டபிள்யூ 23-ஆவது எழுத்து, ஏ ஒன்று, டி 20, இ ஐந்து, ஆர் 18. கூட்டினால் 67. ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒருத்தர் 67 எழுத்துகளைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். எழுத்துகளை இரண்டாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டிருந்தால் ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஐந்து கேள்வியில் முடித்திருக்கலாமே என்று பேப்பரில் போட்டும் பார்த்தேன். பிறகு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. நம்மாள் ஒருத்தனுக்கு இந்த மாதிரி ஐந்து கேள்வி கேட்கக்கூட நான் போய் உட்காரவில்லை. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

வருஷக்கணக்கில் பயிற்சி நடந்தது. ஒரு விரலை அசைக்க மாதங்கள். சின்சினாட்டி குட் சமாரிட்டன் ஆஸ்பத்திரிதான் அவருக்கு வீடு. விரல் கொஞ்சம் வசப்பட்டதும் டைப்ரைட்டரில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி ஜாக்குக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். தட்டுத் தடுமாறிய பேச்சு வந்தது. பிடித்துக்கொண்டு சில அடிகள் நடக்கவும் செய்தார். ஜாக் வீட்டுக்கு அழைத்துப் போய் மனைவி குழந்தைகளோடு சாப்பிட வைப்பதும் உண்டு.

இதற்கிடையில் ஜாக் முழுநேர ஆட்டக்காரரும்கூட. ஸ்டோக்ஸ் இல்லாத முதல் சீசனில் ராயல்ஸ் 72 ஆட்டத்தில் 19-தான் ஜெயித்தது. அடுத்த 1959-60 சீசனில் ஜாக் ஆட்டத்துக்குச் சராசரி 31.2 பாயிண்ட் எடுத்தார். ஒரு சீசனில் முப்பதைத் தாண்டிய சராசரி அதுவரை லீக்கில் யாருக்கும் இல்லை. அந்த வருஷம் தாண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சேம்பர்லின், மற்றவர் ஆட்டம் இல்லாத நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸ்களுக்கும் அலைந்துகொண்டிருந்த இவர். 1960-ல் ஆஸ்கர் ராபர்ட்சன் அந்த அணிக்கு வந்தார். ஆஸ்கரும் ஸ்டோக்ஸும் ஒரே ஐவரில் ஆடியிருந்தால் என்று அமெரிக்காவில் இன்றைக்கும் பழைய ரசிகர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஜாக் 1966-ல் ஓய்வு பெற்று, டெலிவிஷனில் ஆட்ட வர்ணனைக்குப் போனார். காப்பாளர் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை.

1970 ஏப்ரல் 6-ல் மாரடைப்பால் ஸ்டோக்ஸ் இறந்தார். வயது 36. அவர் லீக்கில் ஆடியது மூன்றே சீசன், 202 ஆட்டம். ஜாக் காப்பாளராக இருந்தது 12 வருஷம். அடுத்த மாதம் நியூயார்க்கில் நடந்த இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னவர்களில் ஜாக்கும் ஒருவர். காலில் அடிபட்ட வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டே கோர்ட்டுக்குள் நுழைந்த அந்தப் புகழ்பெற்ற ராத்திரி அது. அடிபட்டவர் எழுந்து வந்து ஆடுவதைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தபோது ஜாக்கின் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-ல் இந்தக் கதை சினிமாவாக வந்தது. கட்ஷர்ஸ் ஆட்டம் ஸ்டோக்ஸ் மறைந்த பிறகும் நிற்காமல், நொடித்துப்போன பழைய ஆட்டக்காரர்களுக்கு உதவும் ஆட்டமாகத் தொடர்ந்தது. ஜாக்குக்கு 1983-லேயே பாஸ்கட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. ஸ்டோக்ஸுக்குக் கிடைத்தது 2004-ல். அன்றைக்கு அவர் சார்பில் மேடையேறி வாங்கிக்கொண்டவர் எழுபது வயது ஜாக். 2012-ல் ஜாக்கும் போய்ச் சேர்ந்தார். மறு வருஷத்திலிருந்து என்.பி.ஏ. இரண்டு பெயரையும் சேர்த்து, சிறந்த சக ஆட்டக்காரருக்கு ட்வைமன்-ஸ்டோக்ஸ் விருது என்று ஒன்றைக் கொடுத்துவருகிறது. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருது.

கல்லூரி மலரில் இதை ஏன் எழுதுகிறேன் என்று இப்போது சொல்லிவிடலாம். ஸ்டோக்ஸ் தன்னை எங்கே புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். பிறந்த ராங்கின் இல்லை, வளர்ந்த பிட்ஸ்பர்க் இல்லை, பன்னிரண்டு வருஷம் கிடந்த சின்சினாட்டியும் இல்லை. லொரெட்டோ. அவர் படித்த கல்லூரி வளாகத்தில், பாதிரிமாரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் படுத்திருக்கிறார். அந்தக் கல்லூரி இப்போது பல்கலைக்கழகம். அதன் விளையாட்டரங்குக்கு அவர் பெயர்தான்.

இனி நம்ம விஷயம்.

எங்கள் செட்டுக்காரர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. நம் டீமில் ரிங்குக்குக் கீழே நிற்கிற ஆள். 2015-ல் பைக் விபத்து. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அப்போது நாம் எல்லோரும் ஓடினோம். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம், முதல் வாரத்திலேயே 61 பேர். நான்தான் கணக்கு வைத்துக்கொண்டேன். எக்ஸல் ஷீட், பெயர், தேதி, தொகை, எல்லாம் சுத்தமாக. முதல் வருஷம் ஷீட் மூன்று பக்கம். இரண்டாவது வருஷம் ஒரு பக்கம். கடைசி வரவு 2019 ஆகஸ்ட், இரண்டாயிரம் ரூபாய். அதைப் போட்டது நானேதான். குரூப் இன்னும் இருக்கிறது. அதில் இப்போது பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது. அவனும் வாழ்த்துப் போடுகிறான்.

நேரில் நான் கடைசியாகப் போனது 2018 பொங்கலுக்கு. போய்விட்டு வந்து, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிறகு புராஜெக்ட், பிறகு குழந்தை, பிறகு கொரோனா. காரணங்களை வரிசையாகச் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். அவன் ஒரு தடவைகூட ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் அம்மாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். இன்றுவரை அவனைத் தூக்கி உட்கார வைப்பது அவர்தான்.

போன மாதம் துணிந்து போன் செய்தேன். அவனே எடுத்தான். எடுத்ததும் கேட்டது, நம்ம கோர்ட்டில் பழைய ரிங்கை மாற்றிவிட்டார்களாமே, உண்மையா என்றுதான். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம் இரண்டு வருஷமாக எங்கேயோ நிற்கிறதாம். எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. பேச்சோடு பேச்சாக அதையும் சொன்னான். நான் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

ரீயூனியன் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி நான் சங்கரன்கோவில் பக்கம் அவன் ஊருக்குப் போகிறேன். வண்டியில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். திங்கட்கிழமையும் லீவு போட்டிருக்கிறேன். தாலுகா ஆபீஸ் அன்றைக்குத்தான் திறக்கும்.